வரமாட்டோம் என்று சொல்லும்போது

தியான வாசிப்பு: லூக்கா 15:25-32, எபிரெயர் 11:24-26



2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து உலகில் நடந்த சில காரியங்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. விளையாட்டைக் குறித்து ஒரு போதகர் ஏன் எழுதவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அழைப்பையும் மறுப்பையும் பற்றிய காரியமாக இது இருப்பதால் எழுதுகிறேன்.

அந்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் வழக்கமான போட்டிகள் முடிந்தபின்பு, டிசம்பர் மாத நடுவிலிருந்து 'பவுல்' ஆட்டங்கள் நடைபெறும். நமது அப்போஸ்தலனாகிய பவுலுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. கிண்ண வடிவில் கட்டப்பட்ட விளையாட்டரங்குகளிலிருந்து வந்த பெயர் இது. பொதுவாக 6 வெற்றிகளையாவது பெற்ற அணிகளுக்கே இவ்வழைப்பு கிடைக்கும். சில அணிகள் மாத்திரம் தேசிய வெற்றிக் கோப்பைக்கான சுற்றுக்குத் தெரிந்துகொள்ளப்படும். அச்சுற்றில் இப்போது 12 அணிகளுக்கு இடம் உண்டு.

புகழ்பெற்ற நோட்டர் டேம் அணி அந்த ஆண்டு முதலிரண்டு ஆட்டங்களில் தோற்று, பின்பு தொடர்ச்சியாக 10 ஆட்டங்களில் வென்றிருந்தது. தங்களுக்கு இடம் நிச்சயம் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் டிசம்பர் 7-ஆம் நாள் வெளியான இறுதிப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அதுவரை அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த மயாமி அணி மேலே உயர்த்தப்பட்டிருந்தது. அந்த வாரத்தில் இரு அணிகளும் விளையாடவே இல்லை என்பதே அவர்களுடைய மனத்தாங்கலுக்குக் காரணம். எனினும் அந்த ஆண்டின் முதல் ஆட்டத்தில் மயாமி அவர்களை 27-24 என்ற கணக்கில் தோற்கடித்திருந்தது என்பதும் உண்மை. அன்றைய தினமே நோட்டர் டேம், தாங்கள் எந்தப் பவுல் ஆட்டத்திலும் பங்குபெறப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

அவர்கள் மாத்திரம் அல்ல. பயிற்றுநர் விலகிச் சென்ற நிலையில் அயோவா ஸ்டேட் அணியும், பயிற்றுநர் ஓய்வு பெற்ற நிலையில் கான்சாஸ் ஸ்டேட் அணியும் அழைப்பை மறுத்தன. அவை சார்ந்திருந்த கூட்டமைப்பு ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 5 வெற்றிகளை மாத்திரமே பெற்றிருந்த அணிகளுக்கு அழைப்பு நீட்டப்பட்டபோது அவற்றில் பலவும் மறுத்துவிட்டன.

"எவ்வளவு கர்வம்!" என்று உடனே தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. காயப்பட்ட சரீரங்களும் சோர்ந்துபோன இளைஞர்களும் அங்கே உண்டு. ஆடுவதற்குப் போதுமான வீரர்கள் இல்லாத அணி, இல்லை என்று சொல்வதில் குற்றமில்லை. மறுப்பது எப்போதும் பாவம் என்று வேதம் போதிக்கவும் இல்லை. தானியேல் ராஜாவின் போஜனத்தை மறுத்தான். மோசே பார்வோனுடைய அரண்மனைப் பெயரை மறுத்தான்.

நோட்டர் டேமின் வரலாற்றிலேயே வேறொரு மறுப்பு உண்டு. 1925-ஆம் ஆண்டு ஜனவரியில் ரோஸ் பவுல் ஆட்டத்தில் வென்றபின்பு, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பல்கலைக்கழகம் பவுல் ஆட்டங்களை ஏற்காதிருந்தது. மாணவருடைய படிப்புக்கு இடையூறு நேரக்கூடாது என்பதே அதன் நோக்கம். 1970 ஜனவரியில்தான் அது மறுபடியும் பவுல் ஆட்டத்தில் இறங்கியது. அந்த மறுப்பு கோபத்தில் பிறந்ததல்ல.

இன்னும் மேலான ஒரு மறுப்பைக் குறித்தும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1958-ஆம் ஆண்டு பஃபலோ பல்கலைக்கழக அணிக்கு ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரிலிருந்து டேன்ஜரின் பவுல் அழைப்பு வந்தது. அக்கல்லூரிக்குக் கிடைத்த முதல் பவுல் அழைப்பு அது. ஆனால் அந்த அரங்கைக் குத்தகைக்கு வைத்திருந்த அமைப்பு, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக விளையாடுவதைத் தடைசெய்திருந்தது. பஃபலோ அணியில் வில்லி எவன்ஸ், மைக் வில்சன் என்ற இரு கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். அவ்விருவரையும் விட்டுவிட்டு மற்றவர்கள் விளையாடலாம். முடிவு வீரர்களிடமே விடப்பட்டது. அவர்கள் ஒருமனப்பட்டு, போகமாட்டோம் என்றார்கள். அதன்பின்பு அக்கல்லூரி ஒரு பவுல் ஆட்டத்தில் விளையாடியது 2009 ஜனவரியில்தான். ஏறக்குறைய 50 ஆண்டுகள்!

அதற்கு முன்னே 1951-இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி 9 ஆட்டங்களிலும் தோல்வியே காணாதிருந்தது. ஆலி மேட்சன், பெர்ல் டோலர் என்ற இரு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வந்தால் பவுல் ஆட்டத்தில் இடமுண்டு என்ற நிபந்தனை அவர்கள் முன்வைக்கப்பட்டது. அந்த அணியும் மறுத்தது. பணமின்மையால் அந்த ஆண்டோடு அவர்களுடைய கால்பந்து அணியே கலைக்கப்பட்டது. பிற்காலத்தில் டோலர், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் முதல் கறுப்பின நடுவராக 1965-இல் பணியேற்றார்.

பிரியமானவர்களே, இந்த மறுப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2025-இல், எங்களுக்குரிய இடம் கிடைக்கவில்லை, ஆகையால் வரமாட்டோம் என்று ஓர் அணி சொல்லிற்று. 1958-இல், எங்கள் சகோதரருக்கு இடமில்லை, ஆகையால் வரமாட்டோம் என்று ஓர் அணி சொல்லிற்று. சொல் ஒன்றுதான். யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

அதைப்போலவே, மறுப்பின் கிரயத்தைச் செலுத்துகிறவர் யார் என்பதையும் கவனிக்கவேண்டும். பஃபலோ வீரர்கள் தங்களுடைய சந்தோஷத்தைக் கொடுத்து இருவருடைய கனத்தைக் காத்தார்கள். கோபத்தில் மறுக்கும் அணியிலோ, தெரிவுக்குழுவினர் எதையும் இழக்கவில்லை. கடைசி முறையாகத் தன் கல்லூரியின் சீருடையை அணிய விரும்பிய இறுதியாண்டு மாணவனும், ஆண்டு முழுவதும் ஓரத்தில் காத்திருந்து அந்த ஓர் ஆட்டத்திலாவது களமிறங்கலாம் என்றிருந்த இளைஞனும், பயணத்திற்காகக் காத்திருந்த இசைக்குழுவினரும் அல்லவா இழக்கிறார்கள்? ஆகையால்தான், நோட்டர் டேமின் வருத்தம் நியாயமானதாயிருந்தாலும் அவர்களுடைய தீர்மானம் சரியானதல்ல என்று நினைக்கிறேன். 11 வெற்றிகளைப் பெற்றும் அதே பட்டியலில் இடம் கிடைக்காத பிரிகாம் யங் பல்கலைக்கழக அணி, தனக்குக் கொடுக்கப்பட்ட பவுல் ஆட்டத்திற்குப் போய், விளையாடி, வென்று திரும்பிற்று.

இதை எழுதும்போது என் சொந்த இருதயம் என்னைக் குத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கூடுகைக்கு என்னை அழைத்திருந்தார்கள். செய்தி கொடுப்பவர்களின் வரிசையில் என் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில், முடிவு ஜெபத்திற்கு எதிரேதான் என் பெயர் இருந்தது. சுகமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு வீட்டிலிருந்தேன். என் சபையிலிருந்து சென்ற வாலிபர்கள் திரும்பி வந்து, "ஐயா, உங்களைத் தேடினோம்" என்றார்கள். அந்த வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கிறது. நிரலைத் தயாரித்தவர்களை நான் தண்டித்ததாக எண்ணினேன். உண்மையில் இழந்தவர்கள் அந்த வாலிபர்கள், அவர்களோடு நானும்.

கெட்ட குமாரனின் உவமையில் மூத்தவனுடைய மனக்குறைக்கும் காரணம் இருந்தது. அவன் உழைத்தது மெய். கீழ்ப்படிந்ததும் மெய். ஆனாலும் வீட்டுக்குள்ளே ஆடல் பாடல் நடக்க, அவன் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டான். தகப்பன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தார். அவன் உள்ளே போனானா இல்லையா என்பதை ஆண்டவர் சொல்லாமலே உவமையை முடித்தார். அந்த முடிவை நாமே எழுதவேண்டும் என்பதற்காகவோ என்னவோ!

தனிப்பாடல் கிடைக்கவில்லை என்று பாடகர் குழுவையே விட்டவர்கள் நம்மிடையே உண்டு. பத்திரிகையில் பெயர் விடுபட்டதற்காக உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போகாதவர்களும் உண்டு. அடுத்த முறை "நான் வரமாட்டேன்" என்று சொல்லுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இதை நான் யாருக்காகச் சொல்லுகிறேன்? இதற்கான கிரயத்தை யார் செலுத்தப்போகிறார்கள்? ஒடுக்கப்பட்ட ஒருவருக்காகவும், கிரயம் என்னுடையதாகவும் இருக்குமானால், தைரியமாய் மறுப்போம். எனக்காகவும், கிரயம் பிறருடையதாகவும் இருக்குமானால், வாசலைக் கடந்து உள்ளே செல்வோம்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் மனத்தாங்கல்களை நீர் அறிந்திருக்கிறீர். சகோதரனுக்காக மறுக்கும் தைரியத்தையும், எங்களுக்காக மறுக்காதிருக்கும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.