ஜிப்சம் பலகையை வெட்ட எக்கருவி?

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உட்கூரைக்கும் தடுப்புச் சுவருக்கும் ஜிப்சம் பலகை மிகுதியாகப் பயன்பட்டு வருகிறது. அதனைச் சிறு துண்டுகளாக்க வேண்டிய இடங்களில் மின்சார வட்ட ரம்பத்தை எடுக்கும் வழக்கமும் உடன் பரவியுள்ளது. விரைவு என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆராயுமிடத்து அக்காரணம் நிலைபெறுவதாக இல்லை.

பலகையின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். இரு தாள்களுக்கிடையே இறுகிய ஜிப்சம், அவ்வளவே. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் எண் 2. நகத்தால் கீறினாலும் கோடு விழும். (ராஜஸ்தானத்து ஜிப்சம் கட்டி ஒன்று கிடைப்பின், ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.) பலகை வளைந்து முறியாதவாறு தாங்குவது பெரும்பாலும் வெளித்தாளே. ஆகவே அறுக்கப்பட வேண்டியது தாள். உள்ளீடு தானே முறியும்.

இதற்குக் கட்டர் கத்தி போதும். இரும்புச் சட்டத்தை அணைத்து வைத்து முகப்புத் தாளைக் கீறி, கீறல் விரியும் திசையில் வளைத்தால் 12.5 மில்லிமீட்டர் பலகை கோட்டின் வழியே முறிந்துவிடும். பின்புறத் தாளை அறுத்தால் வேலை முடிந்தது. மழுங்கிய அலகு தாளை அறுக்காது, கிழிக்கும்; ஓர் அலகின் விலையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பலகையைப் பாழாக்குவோர் பலர்.

துண்டு சிறிதாகும்போதுதான் சிக்கல் எழுகிறது. பலகையை முதலில் நீண்ட பட்டைகளாக முறித்து, அப்பட்டைகளைப் பின்னர் குறுக்கே முறிப்பதே முறை. துண்டு நான்கு விரற்கடையளவுக்குக் குறுகினால் வளைக்கப் பிடி கிடைப்பதில்லை; ஓரமும் உதிரும். அப்போது இரு பக்கத் தாள்களையும் நேருக்கு நேராகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து முறித்தல் வேண்டும். மின்விசைப் பெட்டிக்கான துளைக்கும் வளைவான வெட்டுக்கும் கத்தி உதவாது; கூர்முனையுள்ள சிறு கைரம்பமே அதற்கு உரியது.

வட்ட ரம்பமோ முறியக்கூடிய பொருளை அரைத்துத் தூசாக்குகிறது. அத்தூசு கண்ணையும் தொண்டையையும் உறுத்துவது. பலகையில் சிறிதளவு குவார்ட்ஸ் கலந்திருக்கவும் கூடும். அதன் நுண்தூசை நெடுங்காலம் சுவாசித்தால் சிலிகோசிஸ் நோய் உண்டாகும். சன்னல் மூடிய அறையில், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுப்பவருக்கு அத்துணி காப்பாகாது. வேலை விரைந்ததாகக் கணக்கிடுவோர், பின்னர் அறை முழுவதையும் துடைக்கும் நேரத்தைச் சேர்ப்பதில்லை.

ஒரே அளவில் நூற்றுக்கணக்கான துண்டுகள் தேவைப்படும் பட்டறையில், தூசு உறிஞ்சும் அமைப்புடன் கூடிய இயந்திர ரம்பத்துக்கு இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஏனைய வேலைத் தலங்களுக்கான கருவிப் பட்டியலில் கத்தியும் மாற்று அலகுகளும் முதலில் இடம்பெறட்டும். வட்ட ரம்பம் கேட்கப்பட்டிருப்பின், தூசு உறிஞ்சியும் தக்க முகமூடியும் அதே பட்டியலில் கேட்கப்பட்டுள்ளனவா என்று மேற்பார்வையாளர் பார்த்த பின்னரே ஒப்பமிடுதல் தகும்.