மொழி விளங்காத வகுப்பு

உத்தியோக மாற்றலாகி வேற்றுமொழி வழங்கும் நகரத்துக்கு வருகிற நம்மவர், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததும் நிம்மதி அடைகிறோம். ஆசிரியர் சொல்வது அவனுக்கு விளங்குகிறதா என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துச் சீனக் குடும்பங்கள் இக்கேள்வியை 1970-இல் நீதிமன்றத்துக்கே கொண்டு சென்றன.

அந்நகரப் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் 2,856 பேர் இருந்தனர். ஏறக்குறைய 1,000 பேருக்கு ஆங்கிலத்தில் தனிப் பயிற்சி கிடைத்தது; எஞ்சிய 1,800 பேர் யாதொரு உதவியுமின்றி வகுப்பில் அமர்ந்திருந்தனர். எல்லோருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம் அளித்தபின் பள்ளியின் கடமை தீர்ந்தது என்றே கீழ் நீதிமன்றங்கள் கருதின. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது!

1974-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து இதனை மறுத்தனர். மத்திய அரசின் பணம் பெறும் நிறுவனம் இனத்தையோ பிறந்த நாட்டையோ காட்டி எவரையும் ஒதுக்கலாகாது என்பது 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம். புரியாத புத்தகத்தைச் சமமாகப் பங்கிடுவது சமத்துவமன்று என்னும் கருத்தில் நீதிபதி டக்ளஸ் தீர்ப்பு வரைந்தார்.

எனினும் எம்முறையில் கற்பிப்பது என்பதை நீதிமன்றம் வகுத்துரைக்கவில்லை. ஆகவே பூசல் ஓயவில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே போதிக்க வேண்டுமென்று கலிபோர்னியா வாக்காளர்கள் 1998-இல் விதித்தனர். 2016-இல் அவ்விதியை வாக்களித்தே நீக்கினர். இடையே கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பள்ளியை விட்டே வெளியேறியிருப்பான்.