கோட்டைக்கு அரை மணித்தியாலம் போதாது

யாழ்ப்பாணத்துக்கு ஒருநாள் ட்ரிப் போடுகிற எந்த பட்ச்சின் பிளானையும் எடுத்துப் பாருங்கள். காலையில் நல்லூர், பிறகு நயினாதீவு, மத்தியானச் சாப்பாடு, கசூரினாவில் குளிப்பு, திரும்பி வந்து ஐஸ்கிறீம். கடைசியாக, பஸ் வெளிக்கிட முதல் ஒரு வரி இருக்கும்: "5.30 – 6.00 கோட்டை, சன்செட்." நானூறு வருசத்துக்கு முப்பது நிமிசம். அதிலும் பத்து நிமிசம் குறூப் போட்டோவுக்குப் போய்விடும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கோட்டைக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். ஏலாதென்றால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். சூரியன் மறைவதைப் பார்க்கப் பண்ணைப் பாலமே போதும்.

இதைச் சொன்னவுடன் முதலில் வருகிற பதில், "வெள்ளைக்காரன் கட்டின கோட்டை, அதில எங்களுக்கு என்ன கிடக்கு?" என்பதுதான். தேசப்பற்றுப் போலக் கேட்கும் இந்தப் பதில் உண்மையில் ஒரு சோம்பல். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள், தலைநகரை நல்லூரிலிருந்து கடற்கரைக்கு மாற்றிக் கோட்டையைக் கட்டினார்கள். கோயில் கற்கள்தான் கோட்டைக்குப் போயின என்று ஊரில் இன்றைக்கும் சொல்லுவார்கள். சரி, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் இருக்கிறவர் அங்கே அரை மணித்தியாலம் செல்பி எடுத்துவிட்டு வருவாரா?

எங்களுக்கு அங்கே என்ன கிடக்கு என்ற கேள்விக்கு மண்ணுக்குள்ளேயே பதில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் தொல்லியல் திணைக்களத்தோடு சேர்ந்து கோட்டைக்குள் அகழாய்வு செய்தன. போர்த்துக்கேயர் வருவதற்கு மிக முந்திய காலத்து ரூலெட்டட் மட்பாண்ட ஓடுகளும், சீன மட்பாண்டத் துண்டுகளும் வெளிவந்தன. வெள்ளைக்காரன் வெறும் தரையில் வந்து குந்தவில்லை. கப்பல்கள் வந்துபோன ஒரு பழைய கரையின் மேல்தான் ஏறிக் குந்தினான். கோட்டையை அவனுடையது என்று விட்டுக்கொடுத்தால் அதற்குக் கீழே கிடப்பதையும் சேர்த்துத்தான் விட்டுக்கொடுக்கிறோம்.

அடுத்தது, "ஒல்லாந்தர் கட்டினார்கள்" என்ற வசனம். 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு அதை ஐந்து மூலைக் கோட்டையாகத் திரும்பக் கட்டினார்கள். கொத்தளங்களுக்குத் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். வெளி அரண்கள் முடிந்தது 1792 இல். மூன்றே வருசத்தில், 1795 இல், முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் வரும். முருகைக்கல்லைத் தலையில் சுமந்தது யார்? வெயிலில் அகழி வெட்டியது யார்? ஊழியம் என்ற பெயரில் சம்பளமில்லாத கட்டாய வேலை வாங்கிய காலம் அது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. அந்த அடிமைகளுக்கு எங்கள் ஊர் ஆட்களும் எசமான்களாக இருந்தார்கள். "எங்கட பரம்பரை" என்று பெருமையாகக் கதைக்கிறவர்கள் மதிலைத் தொட்டுப் பார்க்கும்போது இதையும் நினைக்க வேண்டும். அந்நியன் எங்களை ஒடுக்கினான் என்பது உண்மை. எங்களுக்குள்ளே யார் யாரை ஒடுக்கினோம் என்பதும் அதே மதிலில்தான் இருக்கிறது.

இரண்டாவது பதில், "பழசைக் கிளறாதீங்கோ, ட்ரிப் எண்டா ஜாலியா இருக்கோணும்." ஜாலியாக இருங்கள், பைலா பாடுங்கள், யாரும் மறிக்கவில்லை. ஆனால் இது அவ்வளவு பழசு இல்லை. எண்பதுகளில் கோட்டையிலிருந்து ஷெல் வந்த காலத்தை அனுபவித்த சனம் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. 1990 இல் 107 நாள் முற்றுகை நடந்தது. உள்ளே இராணுவமும் பொலிசும், வெளியே புலிகள், மேலே குண்டு போடும் விமானம், நடுவில் நகரத்துச் சனம். செப்டெம்பர் 26 இராணுவம் கோட்டையை விட்டுப் போனது. 1706 இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இந்தப் போரில் அழிந்தது. நீங்கள் போட்டோவுக்குப் பின்னணியாகத் தேடுகிற அந்த "அழகான இடிபாடு" காலத்தால் தானாக விழுந்ததல்ல.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கோட்டை கைமாறி ஒரு மாதம் கழித்து, ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகதெரு கோட்டையிலிருந்து தூரமில்லை. ஐந்து வருசம் கழித்து, 1995 இல், அதே ஒக்ரோபர் 30 இல், வலிகாமத்துச் சனம் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த டிசம்பரில் நகரமும் கோட்டையும் திரும்ப இராணுவத்தின் கையில். ஒன்றை மட்டும் நினைவு வைத்து மற்றதை மறக்கிறது வசதிதான். கோட்டை வாசலில் நின்றுகொண்டு அந்த வசதியை எடுக்கக் கூடாது என்கிறோம்.

தெற்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். நாங்கள் இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருக்காவிட்டால் அவர்களுக்கு வேறு யாரோ, வேறு விதமாகச் சொல்லிவிடுவார்கள். பிறகு முகநூலில் இருந்து கத்திப் பிரயோசனமில்லை.

மூன்றாவது ஆட்கள் கலாசாரக் காவலர்கள். கோட்டை என்றால் இவர்களுக்கு ஞாபகம் வருவது மதில் மேல் குடையோடு இருக்கும் சோடிகள் மட்டும்தான். "சீரழிவு" என்று தலைப்புப் போட்டு, பெடியன் பெட்டையின் படத்தை அனுமதியில்லாமல் எடுத்துப் பகிருவார்கள். ஒரு காலத்தில் சிறைச்சாலையும் தூக்குமேடையும் இருந்த இடத்தில் இன்றைக்கு இரண்டு பேர் பயமில்லாமல் இருந்து கதைக்கிறார்கள் என்றால், அந்தக் கோட்டைக்கு நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. காவலர்களே, கதைக்கிறவர்களை விட்டுவிட்டு மதிலில் ஆணியால் பெயர் கிறுக்குகிறவனைப் பிடியுங்கள்.

சும்மா திட்டிவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. எங்களிடமும் ஒரு பிளான் இருக்கிறது.

காலையில் நல்லூரில் தொடங்குங்கள். கோயிலோடு நிற்காமல் யமுனா ஏரியையும் மந்திரிமனையையும் பாருங்கள். அதிகாரம் எங்கிருந்து கடற்கரைக்கு நகர்ந்தது என்று கால்களுக்கே விளங்கும். அடுத்தது நூலகம். 1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்துக்கும் கோட்டைக்கும் இடையில் எவ்வளவு கிட்ட என்பதை நடந்தே பாருங்கள். வழியில் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் இறந்தவர்களின் நினைவிடத்தில் ஒரு நிமிசம் நில்லுங்கள். மத்தியானம் சாப்பிட்டு, கோட்டை முனியப்பரைக் கும்பிடுகிறவர்கள் கும்பிட்டு, மூன்று மணிக்கு உள்ளே போங்கள். மதில் மேல் நிழலே இல்லை, அதனால் தண்ணீரும் தொப்பியும் வேண்டும். போத்தலைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும் வேண்டும். எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதை வாசலில் கேட்டு வையுங்கள்.

உள்ளே ஐந்து கொத்தளம் இருக்கிறது. ஐந்து பேரைத் தெரிவு செய்து, ஒரு கிழமைக்கு முன்னமே ஆளுக்கொரு கதையைப் பங்கு போட்டுக் கொடுங்கள். மண்ணுக்குள் கிடைத்தது ஒருவருக்கு. கல் சுமந்தவர்கள் ஒருவருக்கு. ஆங்கிலேயர் காலமும் சிறைச்சாலையும் ஒருவருக்கு, லெனார்ட் வூல்ஃப் உத்தியோகத்துக்கு வந்து இந்த மதிலோரம் குடியிருந்தது உட்பட. நான்காமவருக்கு முற்றுகை. ஐந்தாமவருக்கு இரண்டு ஒக்ரோபர் 30 உம். கைட் வேண்டாம், மைக் வேண்டாம். ஒவ்வொரு மூலையிலும் பத்து நிமிசம் நின்று கதைக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். முடிந்தால் அந்தக் காலத்தைக் கண்ட ஒரு அம்மம்மாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஏற ஏலாவிட்டால் கீழே கதிரை போட்டு இருத்திக் கேளுங்கள். சண்டை வந்தால் வரட்டும். "அப்பிடி நடக்கேல்லை, இப்பிடித்தான் நடந்தது" என்று ஒரு பட்ச் மதில் மேல் நின்று வாக்குவாதப்படுவது, ஒரு பட்ச் வரிசையில் நின்று விரலைக் காட்டிப் போட்டோ எடுப்பதை விட எவ்வளவோ மேல்.

நயினாதீவும் கசூரினாவும் அடுத்த லீவுக்கும் அங்கேதான் இருக்கும். அம்மம்மாமார் அப்படியில்லை. ஒல்லாந்துக் காசில் உடைந்த மதிலைத் திரும்பக் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். கண்டவர்களின் கதையை நாங்கள் கேட்காமல் விட்டால் அதைத் திரும்பக் கட்ட எந்த நாட்டுக் காசும் காணாது.