ஃப்ளோரின் சீலும் அஸ்பெஸ்டாஸ் ஷீட்டும்

ஐரோப்பிய ரசாயன முகமை 2025 ஆகஸ்ட் 20 அன்று வெளியிட்ட திருத்திய பிஃபாஸ் (ஃப்ளோரின் சேர்மங்கள்) கட்டுப்பாட்டு முன்மொழிவில் நம் தொழிலின் பெயர் தனியாக இடம்பெற்றுவிட்டது. 2023-இல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய 5 நாடுகள் தந்த மூல ஆவணத்தில் சீலுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 5,600-க்கும் மேற்பட்ட கருத்துகளைப் பரிசீலித்தபின் கணக்கில் எடுத்துக்கொண்ட 8 கூடுதல் பிரிவுகளில் 'சீலிங்' ஒன்று, 'இயந்திரங்கள்' இன்னொன்று. வைட்டான் ஓ-ரிங், பிடிஎஃப்இ லிப் சீல், டெஃப்லான் டேப் எல்லாமே 10,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களைச் சுற்றி விரித்த அந்த வலைக்குள் வருகின்றன.

பேட்டை தொழிற்பேட்டையில் ஸ்க்ரூ கம்ப்ரஸர் சர்வீஸ் செய்பவருக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பாபநாசத்திலிருந்து தூத்துக்குடி வரை தாமிரபரணிக் கரையோரம் ஓடும் கம்ப்ரஸர்களில் ஐரோப்பியத் தயாரிப்புகளும் உண்டு. அவற்றின் சீல் கிட் அங்கே போட்ட வரைபடப்படியே இங்கே வந்து சேர்கிறது. டைனியான் என்ற பெயரில் ஃப்ளோரோ ரப்பர் விற்றுவந்த 3எம் நிறுவனம், 2025 இறுதிக்குள் பிஃபாஸ் உற்பத்தியை முற்றிலும் கைவிடுவதாக 2022 டிசம்பரிலேயே அறிவித்தது. சட்டம் வருவதற்கு முன்பே சந்தை நகரத் தொடங்கிவிட்டதால், இவ்விதழ் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

காற்று-எண்ணெய் செபரேட்டரின் அசையாத மூட்டுகளுக்கு ஃப்ளோரின் தேவையில்லை. ஏர்எண்டின் சுழலும் தண்டுக்குத் தேவை. அந்த வேகத்திலும் வெப்பத்திலும் பிடிஎஃப்இ லிப் சீல் தரும் ஆயுளை வேறு பொருளிடம் எதிர்பார்ப்பது கடினம். அதற்கு விலக்குக் கேட்பது நியாயமே. மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின்கள் போல, திரவ ஆக்சிஜனும் திரவ ஹைட்ரஜனும் ஓடும் இடங்களுக்கும் அந்த நியாயம் உண்டு. டேங்க் மூடி, எலிமென்ட் ஃப்ளாஞ்ச், ஸ்கேவஞ்ச் லைன் ஆகியவற்றின் கதை வேறு. டிஸ்சார்ஜ் வெப்பநிலை வழக்கமாக 75 முதல் 100 டிகிரி; 110-ஐ நெருங்கினால் இயந்திரமே டிரிப் ஆகிவிடும். நைட்ரைல் சுமார் 100 டிகிரிவரை தாங்கும், எச்என்பிஆர் 150 வரை. 200 டிகிரிக்கான வைட்டானை அங்கே மாட்டுவது பெரும்பாலும் பழக்கத்தால்தான். எஸ்டர் எண்ணெயில் நைட்ரைல் ஊதிப்போகும் என்பது உண்மை. அந்த எண்ணெய் ஓடும் இயந்திரத்துக்கு மட்டும் வைட்டானை வைத்துக்கொள்ளட்டும்.

பொருளை மாற்றுவதைவிட முக்கியமானது வடிவத்தை மாற்றுவது. எலிமென்ட் ஃப்ளாஞ்சின் மேலே ஒன்று, கீழே ஒன்று எனத் தட்டைக் கேஸ்கட் இரண்டு. மேல் கேஸ்கட் கசிந்தால் மூடியோரத்தில் எண்ணெய் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கீழ்க் கேஸ்கட் கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. எண்ணெய்ப் பனியோடு வரும் காற்று எலிமென்ட்டின் கண்ணாடி நாரைத் தொடாமலே அந்த இடுக்கு வழியாகச் சுத்தமான பக்கத்துக்குத் தாவிவிடும். புது எலிமென்ட்டில் 0.2 பார் அளவில் இருக்கும் அழுத்த வேறுபாடு, அழுக்கேறி 0.8 பாரை எட்டும்போது, அதே இடுக்கில் இன்னும் வேகமாகத் தள்ளும். சம்ப்பில் எண்ணெய் குறைகிறது, குற்றம் எலிமென்ட் மேல் விழுகிறது, புது எலிமென்ட் வருகிறது, கேரிஓவர் தொடர்கிறது. தினமும் சூடேறி ஆறும் மூட்டில் தட்டைக் கேஸ்கட் படிந்து போல்ட் இறுக்கம் தளர்வதே மூல காரணம். ஃப்ளாஞ்சில் பள்ளம் கடைந்து, ஓ-ரிங்கை உட்கார வைத்து, உலோகத்தோடு உலோகம் முட்டும்படி செய்தால், சீல் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதைப் பள்ளத்தின் ஆழமே தீர்மானித்துவிடும். ஸ்பேனர் பிடிக்கும் கையின் பலம் அதில் குறுக்கிடாது.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொண்டால் இந்தக் கசிவின் விலை புரியும். பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி ஆலை எழுந்த காலத்தில் நூல் முனைகளைக் கை விரல்கள் முடிச்சுப் போட்டன. இன்றைய ஆட்டோகோனரில் ஸ்ப்ளைசர் காற்றைப் பாய்ச்சி இரு முனைகளையும் பின்னிவிடுகிறது. அந்தக் காற்றில் எண்ணெய் இருந்தால் கறை கோனில் கண்ணுக்குப் படாமல் போகலாம். சாயம் ஏறும்போது புள்ளி புள்ளியாகத் தெரியும். ஐஎஸ்ஓ 8573-1 முதல் வகுப்பு, கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம் எண்ணெயைத்தான் அனுமதிக்கிறது. கீழ்க் கேஸ்கட் கசியும் கம்ப்ரஸருக்குப் பின்னால் எத்தனை லைன் ஃபில்டர் மாட்டினாலும் அவை நனைந்து நிறைந்துவிடுமே தவிர அந்த அளவுக்கு இறங்காது.

அடுத்தது நெருப்பு. கண்ணாடி நாருக்குள் எண்ணெய்ப் பனி வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. அதை டேங்குக்கு இறக்கத்தான் தயாரிப்பாளர் கேஸ்கட்டில் ஸ்டேபிள் பின் குத்தி அனுப்புகிறார். எலிமென்ட்டை டீசலில் கழுவித் திரும்பப் போடுபவர்கள் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எறிந்துவிட்டுக் கையால் வெட்டியதை வைக்கிறார்கள், பின்னும் போய்விடுகிறது. தனித்து நிற்கும் எலிமென்ட்டிலிருந்து பொறி தாவினால் டேங்குக்குள் எரிவதற்கு எண்ணெயும் காற்றும் தயாராக இருக்கின்றன. கிராஃபைட் ஷீட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இந்த இடத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. கையாளும்போது எளிதில் ஒடியும் என்பதொன்றே குறை.

கையால் வெட்டிய அந்தக் கேஸ்கட் எந்த ஷீட்டிலிருந்து வெட்டப்பட்டது? இவ்விதழ் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இதுதான். வைட்டானைப் பற்றிப் பேசவேண்டிய இந்தத் தலையங்கமும் அங்கேதான் வந்து நிற்கிறது.

அஸ்பெஸ்டாஸ் நாரை அழுத்திச் செய்யும் சிஏஎஃப் ஜாயின்டிங் ஷீட்டின் எடையில் பெரும்பகுதி வெள்ளை அஸ்பெஸ்டாஸ். ரப்பரில் பிணைந்து கிடக்கும்வரை நார் எளிதில் பறக்காது. ஃப்ளாஞ்சின் விளிம்பில் ஷீட்டை வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டும்போதும், ஆண்டுக்கணக்கில் வெந்து இறுகிய பழைய கேஸ்கட்டைக் கம்பி பிரஷ்ஷாலும் கிரைண்டராலும் உலர்வாகச் சுரண்டும்போதும் அது பறக்கும். கிரஷர் ஷெட்டிலும் போர்வெல் ரிக் லாரியின் நிழலிலும் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தொழில் பழகும் இளைஞர்கள். சுவாசித்த நார் நோயாக மாறப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். இருபது வயதில் சுரண்டியவருக்கு ஐம்பதில் மூச்சு வாங்கும்போது, அது எந்தப் பட்டறையில் தொடங்கியது என்று சொல்ல யார் இருப்பார்?

ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் அஸ்பெஸ்டாஸை முழுமையாக ஒதுக்கிவிட்டது. கேஸ்கட் ஷீட் உட்பட வெள்ளை அஸ்பெஸ்டாஸ் பயன்பாடுகளைக் கட்டம் கட்டமாக நிறுத்தும் விதியை அமெரிக்கா 2024 மார்ச்சில் இறுதி செய்தது. இந்தியாவில் இறக்குமதிக்குத் தடையில்லை; அந்த ஷீட்டுக்கு ஐஎஸ் 2712 என்ற தரநிலையும் உண்டு. நாட்டின் தரநிலை எண்ணைத் தாங்கி வரும் பொருளைப் பாதுகாப்பானது என்று பட்டறைக்காரர் நம்பினால் அது அவர் குற்றமா? அஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று ஆணையிட்டது. பதிவேடே இல்லாத இரண்டு பேர் பட்டறையில் அந்த ஆணை எதைப் பாதுகாக்கும்? ஏற்றுமதி செய்யும் நாடு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டிய ராட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் வெள்ளை அஸ்பெஸ்டாஸைச் சேர்க்க 2011-இல் ஆதரவு தெரிவித்த இந்தியா, 2013-இல் எதிர்த்தது. தடைகூட அல்ல, தகவல் சொல்லும் கடமை மட்டும், அதற்கும் மறுப்பு.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிலைமையை இன்னும் தளர்த்தியிருக்கின்றன. மின்விசையோடு இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆவதற்கு முன்பு 10 தொழிலாளர்கள் போதும். இப்போது 20 பேர் வேண்டும். நெல்லைச் சீமையின் கம்ப்ரஸர் பட்டறைகளில் பெரும்பாலானவை பழைய வரம்புக்கே கீழே இருந்தவை. ஆபத்தான தொழில் என்று அரசு தனியாக அறிவித்தால் சிறு பட்டறையையும் சட்டத்துக்குள் கொண்டுவர முடியும். அந்த அறிவிப்பைக் கேஸ்கட் வேலைக்கு வெளியிட ஏன் யாருக்கும் மனம் வரவில்லை? மாற்றுப் பொருள் இல்லையென்றால் தயக்கத்தைப் புரிந்துகொள்ளலாம். செபரேட்டரின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் நைட்ரைல் கலந்த அராமிட் நார் ஷீட் தாராளமாகப் போதும். அது கடைகளில் கிடைக்கிறது. விலை கூடுதல் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

ஃப்ளோரினைப் பற்றிய ஐரோப்பாவின் அச்சம் வீண் என்று இவ்விதழ் சொல்லவில்லை. ஆற்று நீரில் சிதையாமல் தங்கும் பொருளைத் தேவையற்ற இடங்களிலிருந்து எடுப்பதை வரவேற்கிறது. ஆனால் டெல்லியிலும் சென்னையிலும் உள்ள அதிகாரிகள், ஏற்றுமதி பாதிக்கும் என்பதற்காக வைட்டான் பற்றி மட்டும் கூட்டம் போட்டு, உள்ளூர்த் தொழிலாளியின் நுரையீரலைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டால் அதை ஏற்க முடியாது. ஐஎஸ் 2712-ஐ இந்தியத் தர நிர்ணய அமைவனம் திரும்பப் பெற வேண்டும். கேஸ்கட் சுரண்டும் வேலையை ஆபத்தான தொழிலாக அரசு அறிவிக்க வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது உண்டு. கொள்முதல் ஆணையில் 'அஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்' என்று எழுதுங்கள். விற்பவரிடம் எழுத்தில் உறுதி கேளுங்கள். பழைய கேஸ்கட்டை நனைத்து, ஈரம் காயாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், கிரைண்டரைத் தொடாதீர்கள். மூடியை இறக்குமுன் எலிமென்ட்டின் உலோகக் கூட்டுக்கும் டேங்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துக் கான்டினியூட்டி பாருங்கள். சிஏஎஃப் ஷீட் விளம்பரங்களை அடுத்த இதழிலிருந்து இவ்விதழ் வெளியிடாது.