உங்கட ஊருக்கு ஒரு பயணம்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் போதும், குறிஞ்சிப்பிட்டியில் ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சுத்தான். "பிள்ளைகள எங்கயாவது கூட்டிக்கொண்டு போகவேணும்." எங்கே என்று கேட்டால் நம்மில் பலருக்கு ஒரே இடம்தான் வாயில் வரும். 1990 ஒக்டோபரில் விட்டுவந்த ஊர். பிள்ளைகளோ இங்கே பிறந்தவர்கள். அவர்களுக்கு அது உம்மா கதைக்கும்போது கண் கலங்குகிற ஓர் இடம், அவ்வளவுதான்.

எனக்கு மன்னார்த் தீவிலே எருக்கலம்பிட்டி. தோணியில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கும்போது எனக்குப் பத்து வயது. வடக்கிலிருந்து அப்போது வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்பார்கள். அதில் நானும் ஒரு தலை.

2017 இல் முதன்முதலாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். மூத்தவனுக்கு எட்டு வயது, மகளுக்கு மூன்று. போன உடனேயே வீடு இருந்த வளவுக்குள் இறங்கி விட்டேன். சுவர் இரண்டு பக்கம் நின்றது, மற்றதெல்லாம் பற்றைக்காடு. நானும் உம்மாவும் நடுப்பகல் வரை அழுதோம். சின்னவள் தண்ணீர் கேட்டு அழுதாள், மூத்தவனுக்குக் காலில் முள் குத்தியது. கொண்டுபோன சோற்றைக்கூட அவர்களுக்கு நேரத்துக்குக் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது மூத்தவன் சொன்னான்: "உங்கட ஊருக்கு இனி நான் வரமாட்டன்."

'உங்கட ஊர்' என்ற அந்தச் சொல் ஏழு வருடம் என் நெஞ்சில் கிடந்தது. பிழை பிள்ளையில் இல்லை.

2024 ஜூலையில் ஒரு விஷயம் நடந்தது. நம் களப்பில் காற்று வீசும் காலத்தில் பட்டம் கட்டிச் சறுக்கி விளையாட ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவது உங்களுக்குத் தெரியும். அவர்கள் தங்கும் ஓர் இடத்தில் சமைக்கப் போகும் பக்கத்து வீட்டு லாத்தா வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். பதினைந்து வயது, ஒன்பது வயது, இரண்டு வயது என்று மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பமாம். அறைச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டி, ஆளுக்கு ஓர் ஆசை எழுதியிருக்கிறார்களாம். ஒரு நாளைக்கு ஒருவரின் ஆசை மட்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுக்கை. தாய் களப்புக்குப் போனால் தகப்பன் குழந்தையோடு, தகப்பன் போனால் தாய் குழந்தையோடு. "இதுக்கா இவ்வளவு காசு குடுத்து வாறாங்க?" என்று லாத்தா கேட்டார். நானும் சிரித்தேன். இரவு படுத்தபோதுதான், அந்தக் கடதாசி நமக்கும் உதவுமே என்று பட்டது.

ஆகஸ்ட் விடுமுறைக்கு நாங்களும் ஒட்டினோம். மூத்தவன் (அப்போது பதினைந்து) மன்னார்க் கோட்டையும் தலைமன்னார் இறங்குதுறையும் என்று எழுதினான். மகள் (பத்து) கழுதையும் பூநாரையும் என்றாள். பூநாரை மாரியில் வருகிற பறவை, ஆகஸ்டில் கிடைக்காது என்று சொல்லி, அதற்குப் பதில் பெருக்க மரம் என்று மாற்றினோம். சின்னவன் (ஐந்து) ரயில் என்று சொன்னான், மகள் அவனுக்காகப் படம் கீறினாள். உம்மா தன் தாயை அடக்கிய மையவாடியும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் என்றார். "நீங்க என்ன எழுதுறீங்க?" என்று மகள் கேட்டாள். "வீடு" என்றேன். "ஒரு மணித்தியாலம்தான்" என்று மூத்தவன் பக்கத்தில் எழுதிவிட்டான்.

பிள்ளைகளின் வாப்பா கட்டாரில். ஆகவே நாநா வான் ஓட்டினார். செலவுக்கு ஐந்து பெண்கள் சேர்ந்து பிடித்த சீட்டுக் காசு. சுபஹுத் தொழுகையோடு வெளிக்கிட்டோம். புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி போய் மன்னார் என்றால் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். கடலால் பார்த்தால் அதில் பாதிகூட இல்லை! இலவன்குளத்தால் வில்பத்துக்குள் போகும் குறுக்குப் பாதை வழக்கில் சிக்கிய பாதை, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வெளிக்கிடும் முன் பால் தேத்தண்ணி வேண்டாம், காய்ந்த பிஸ்கட் போதும். முன் ஆசனத்தில், தூரத்தைப் பார்க்கிற மாதிரி இருத்துங்கள். ஜீவனிப் பக்கற் இரண்டும் மன்னார் வெயிலுக்கு நிறையக் குடிதண்ணீரும் மறக்க வேண்டாம்.

முதல் நாள் வீட்டுப் பக்கமே போகவில்லை. உறவுக்காரர் வீட்டில் இறங்கி, பகல் படுத்து, பின்னேரம் பள்ளிமுனைப் பெருக்க மரம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் மரம், அடியின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். மகளும் சின்னவனும் கை கோர்த்துப் பார்த்துத் தோற்றார்கள். கழுதைகளைத் தேடவே தேவையில்லை, தெருவிலேயே நின்றன.

அடுத்த நாள் கோட்டை. போர்த்துக்கேயர் 1560 இல் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கையில் போனது. பிறகு தலைமன்னார். 1914 இலிருந்து இங்கேயிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியதையும், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததையும் மூத்தவன் தங்கைக்கு விளங்கப்படுத்தினான். யுத்தத்தால் நின்ற ரயில் தலைமன்னாருக்குத் திரும்பி ஓடத் தொடங்கியது 2015 இல். சின்னவனுக்கு அது கடல் வரைக்கும் போகிற தண்டவாளம். அவனுக்கு அதுவே போதும்.

மூன்றாம் நாள் விடியத்தான் வீடு. வெயில் ஏறுமுன் போனோம். இந்த முறை எல்லோருக்கும் வேலை இருந்தது. மூத்தவன் காணி உறுதிப் பிரதியை வைத்துக்கொண்டு அளவு நாடாவால் எல்லையை அளந்து, எல்லைக்கல் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தான். (சகோதரிகளே, இதை நீங்களும் செய்யுங்கள். பற்றை வளர்ந்த காணியில் எல்லை தெரியாமல் போய்த்தான் பிறகு தகராறு வருகிறது.) மகள் உம்மும்மா சொல்வதைக் கொப்பியில் எழுதினாள்: இது குசினி, இது மாதுளை நின்ற இடம். சின்னவன் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினான்.

எந்த வயதுக்கு எவ்வளவு சொல்வது என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்து வயதுக்காரனுக்கு, "இங்க இருந்தோம், போகச் சொன்னாங்க, ஆள் இல்லாம வீடு விழுந்திட்டு" என்பதோடு நிறுத்தினேன். மகளிடம் யார் போகச் சொன்னது என்பதையும் சொன்னேன். மூத்தவனிடம் புலிகள், ஆயுதம், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் நின்று உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுத தமிழ் அக்காவையும், எங்கள் அம்மியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதையும் அவனிடம் மறைக்கவில்லை. பாதியைச் சொன்னால் பிள்ளை மீதியைத் தானே கற்பனை செய்யும், அது பொல்லாதது.

ஒரு மணித்தியாலம் முடிந்தது என்று மூத்தவன் சொல்லவேயில்லை. நான்தான் நேரம் பார்த்து, "வெளிக்கிடுவம்" என்றேன். நான் அழவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பிள்ளைகள் சாப்பிட்டிருந்தார்கள்.

இப்போது அடுத்த விடுமுறைக்கான கடதாசி சுவரில் தொங்குகிறது. மாரியில் போய்ப் பூநாரை பார்க்க வேண்டும் என்று மகள் முதல் வரியிலேயே எழுதிவிட்டாள். மூத்தவன் பற்றை வெட்ட இரண்டு நாள் கேட்டிருக்கிறான். சின்னவன் தோணியில் போவோம் என்கிறான். உம்மா அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.