கடலடியைப் படம்பிடிக்க விரும்புவோர்க்கு

உப்புவெளிக் கரையிலே வைகாசி பிறந்துவிட்டால் கடல் வேறொரு முகம் காட்டும். வாடைக்காற்று அடங்கிப் பல வாரங்கள் கழிந்திருக்கும். அலை ஓய்ந்து, நீர் தெளிந்து, இடுப்பளவு நீரில் நிற்பவர் தம் கால்விரல்களை எண்ணத்தக்க காலம் அது. வெளிநாடுகளில் வாழும் உறவினர் விடுமுறைக்கு வருவதும் அக்காலத்திலேதான். அவர்களுடைய பெட்டிகளிலிருந்து இந்நாளில் நீருக்குள் படம்பிடிக்கும் கமெராக்களும் வெளிப்படுகின்றன. அவற்றைக் கண்ட பிள்ளைகளுக்கு, நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்ற ஆசை பிறக்கிறது. பெற்றோர்க்கோ, உழைத்த பணத்தைக் கடலிற் கொட்டுவதா என்ற கவலை. ஆசையும் நியாயமே, கவலையும் நியாயமே. இரண்டுக்கும் பொருந்திய வழி யாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். கடலடியைக் கண்டு பதிவுசெய்யும் கலை நம் தீவுக்குப் புதியதன்று. 1860 களிலேயே ஒஸ்திரிய நாட்டு ஓவியர் இயூஜின் வொன் றன்சொனெற் என்பவர் இலங்கைக்கு வந்து, நீரிலிறக்கும் மணிக்கூடொன்றினுள் அமர்ந்து, கடலடியின் முருகைக்கற் காட்சிகளை வரைந்தார். அவ்வோவியங்கள் 1867 இல் வியன்னாவில் நூலாக வெளிவந்தன. பிரான்சிலே லூயி பூத்தான் என்னும் அறிஞர் நீருக்குள் கமெராவை இறக்கிப் படமெடுத்தது அதற்கு ஒரு தலைமுறை பிந்தி, 1893 இலேதான்.

நமது திருக்கோணமலைக்கு அந்தப் பேறு 1956 இல் வாய்த்தது. எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும், நீரடிப் படப்பிடிப்பில் வல்லவரான மைக் வில்சனும் அவ்வாண்டில் இலங்கைக்கு வந்தனர். சுவாமிமலையின் அடியில் மைக் வில்சன் சுழியோடியபோது, செதுக்கு வேலைப்பாடமைந்த கற்கள் கடலடியிற் கிடப்பதைக் கண்டார். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்தழித்த திருக்கோணேச்சரத்தின் எச்சங்கள் அவை. கடலினுள் கோயிற் கற்கள் கிடக்கின்றன என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்தது மெய்யென்பதை உலகம் அப்பொழுதே அறிந்தது. கிளாக் 1957 இல் வெளியிட்ட, ‘தப்ரபேனின் கடற்பார்கள்’ எனப் பொருள்படும் ஆங்கில நூல் இச்செய்தியைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. பின்னர் 1962 இல் வில்சன் இயக்கிய ‘றன் முத்து தூவ’ என்னும் சிங்களப் படத்திலே நம் கடலடி வண்ணத்தில் திரைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. வில்சனும் அவருடைய தோழர்களும் கமெரா பிடிப்பதற்கு முன்பே நீருக்குள் நிலைகொள்ளக் கற்றவர்கள். ஆகவே, நீருக்குள் படம்பிடிக்க விரும்புவோர் முதலில் வாங்க வேண்டியது கமெரா அன்று. முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் நீர்க்கண்ணாடியும், காலுக்கேற்ற துடுப்பும், ஒரு பருவகாலப் பயிற்சியுமே அவர்களுக்கு முதலில் வேண்டியவை. மேலே மிதக்காமலும் கீழே அமிழாமலும், கையால் எதையும் பற்றாமலும் ஓரிடத்தில் அசையாது நிற்கத் தெரியாதவரிடம் விலையுயர்ந்த கருவியைக் கொடுத்தால், படமும் கலங்கும், பாரும் உடையும், சில வேளை உயிருக்கும் இடர் நேரும். கமெராவின் சிறு திரையிலே கண் பதிந்தவர் தம் கலத்தில் மீந்திருக்கும் காற்றின் அளவைப் பார்க்க மறப்பர். துணைவர் எங்கே சென்றார் என்பதையும் மறப்பர். தனியே சுழியோடலாகாது என்ற விதி கமெரா ஏந்தியவர்க்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

இனி, நீரின் இயல்பைச் சிறிது அறிவோம். ஒளி நீரிலிருந்து கண்ணாடியினூடாக வளிக்கு வரும்போது முறிவடைகிறது. அதனால் நீருக்குள் காணும் பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், நாலிலொரு பங்கு அண்மையில் உள்ளனவாகவும் தோன்றும். அன்றியும், நீர் நிறங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிவிடும். ஏறக்குறைய ஐந்து மீற்றர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். அடுத்துச் செம்மஞ்சள் மங்கும். பின்னர் மஞ்சளும் மங்கி, எஞ்சுவது நீலமும் பச்சையுமே. மேலிருந்து வரும் ஒளி மட்டுமன்றி, பொருளிலிருந்து கமெராவுக்கு வரும் ஒளியும் இவ்வாறு நிறமிழக்கிறது. இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது: பொருளை இயன்றவரை நெருங்குக. ஒரு மீற்றருக்குட்பட்ட தூரத்தில் எடுக்கப்படும் படமே நிறமும் தெளிவும் பெறும். தூரத்து மீனைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லை நீருக்குள் பெரிதும் உதவுவதில்லை.

அப்படியாயின், எக்கமெராவை வாங்குவது? நீருக்குள் இறங்கத்தக்க கமெராக்களின் வரலாறே நமக்கு வழிகாட்டும். 1954 அளவில் ஹான்ஸ் ஹாஸ் என்னும் ஒஸ்திரிய சுழியோடியின் முயற்சியால் ‘றொலைமரீன்’ என்ற உலோகக் கூடு தோன்றியது. தரையில் பயன்படும் றொலைபிளெக்ஸ் கமெராவை அதனுள் வைத்து நீரிலிறக்குவர். சில ஆண்டுகளிற் பிரான்சிலே, கூடே வேண்டாத ‘கலிப்சோ’ என்னும் சிறு கமெரா பிறந்தது. அதன் வழித்தோன்றலே 1963 இல் ஜப்பானிய நிக்கன் நிறுவனம் வெளியிட்ட ‘நிக்கனோஸ்’. அவ்வினம் 2001 இல் நிறுத்தப்பட்டது. ஆயினும், கூட்டுக்குள் வைக்கும் பெரிய கமெராவா, கூடு வேண்டாத சிறிய கமெராவா என்ற அன்றைய கேள்வியே இன்றும் நம்முன் நிற்கிறது.

உப்புவெளிக் குடும்பங்களுக்கு நாம் சொல்லும் விடை சிறியதே போதும் என்பது. புறாமலை என நம்மவர் வழங்கும் புறாத்தீவைச் சூழ்ந்த முருகைக்கற் பார்களுட் பெரும்பகுதி, மேலே மிதந்தபடியே காணத்தக்க ஆழத்தில் உள்ளது. ஒலிம்பஸ் மரபில் வந்த சிறு கமெராக்கள் கூடின்றியே 15 மீற்றர் வரையும், கோப்ரோ போன்ற கையடக்கக் கருவிகள் 10 மீற்றர் வரையும் தாங்கும். தொடங்குவோர்க்கு இவை தாராளம். கைபேசியைப் பிளாஸ்திக்குப் பையிலிட்டு இறக்குவதை மட்டும் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். நீர் புகாது எனக் கைபேசிகளுக்குத் தரப்படும் உறுதி நன்னீரில் நடத்திய சோதனையைப் பற்றியது, உவர்நீரைப் பற்றியதன்று. இரண்டு பருவங்கள் கழிந்தும் ஆர்வம் குன்றாதவர், அடுத்த செலவை நல்லதொரு விளக்கில் இடலாம். அவ்விளக்கைக் கமெராவுக்குப் பக்கவாட்டிற் சற்றே விலக்கிப் பிடித்தல் வேண்டும். நேரே பிடித்தால் நீரில் மிதக்கும் தூசெல்லாம் ஒளியைத் திருப்பியனுப்பி, படம் முழுவதும் வெண்புள்ளிகள் நிறைந்துவிடும். பெரிய கமெராவும் உலோகக் கூடும் அதற்கும் பிந்தியவை. கூட்டின் விலை பல வேளைகளிற் கமெராவின் விலையையே விஞ்சும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

வாங்கியதைக் காப்பது அடுத்த கடமை. பத்து மீற்றர் ஆழத்தில் நீர் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் மேலதிகமாக ஏறக்குறைய ஒரு கிலோ எடையுடன் அமுக்கும். உள்ளங்கையளவான கண்ணாடியொன்றின்மேல் இரண்டு அரிசி மூடைகளை ஏற்றியது போன்றது அது. இத்துணை அமுக்கத்தையும் தடுத்து நிற்பது மெல்லியதொரு றப்பர் வளையமே! ஒரு தலைமயிரோ ஒரு மணற்பரலோ அதன்மேல் கிடந்தாற் போதும், நீர் உட்புகுந்துவிடும். ஆழம் கூடக் கூட அமுக்கம் வளையத்தை இறுக்குவதால், நீர் கசிவது பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே நிகழ்கிறது. எனவே, ஒவ்வொரு முறையும் வளையத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, அதற்குரிய பசையை மிக மெல்லியதாகப் பூசி மூடுக. கூட்டைக் கமெரா இன்றி ஒருமுறை நீரில் அமிழ்த்திச் சோதிக்க. கமெராவைக் கையிற் பிடித்தபடி வள்ளத்திலிருந்து குதியாது, நீரில் இறங்கியபின் வள்ளக்காரரிடமிருந்து வாங்கிக்கொள்க.

நம் ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது; கமெராவுக்குப் பெரும்பகையும் அவ்வுப்பே. உப்பு காய்ந்து படிகமானால் பொத்தான்களின் இடுக்குகளை அரித்துவிடும். கரையேறியதும் ஈரம் உலருமுன் கருவியை நன்னீர் நிரம்பிய வாளியில் அரைமணி நேரம் ஊறவிட்டு, நீருக்குள் வைத்தே பொத்தான்களை அமுக்கி விடுதல் வேண்டும். வெயிற் பட்ட வள்ளத்தின் மேற்பலகையிற் கமெராவை வைத்தலாகாது. காலையிற் குளிர்ந்த, ஈரமற்ற அறையிலே கூட்டை மூடி, உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியொன்றை இட்டால், கண்ணாடியில் ஆவி படியாது.

பிரயாணம் செய்வோர்க்கு இரண்டொரு சொல். விமானத்தில் வருவோர் உதிரி லிதியம் பற்றரிகளைச் சரக்குப் பெட்டியில் வைத்தலாகாது. அவற்றின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடிக் கைப்பையிற் கொண்டுவருதலே விதி. கமெராவும் வில்லையும் கைப்பையில், கூடும் துடுப்பும் துணிகளாற் சுற்றப்பட்டுப் பெட்டியில் என்று பிரித்து வைப்பது நலம். விமானம் உயரும்போதும் இறங்கும்போதும் வளியமுக்கம் மாறுவதால், கூட்டின் றப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே ஒரு சிறு பையில் வைக்க வேண்டும். கோட்டையிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வருவோர் கருவிப் பெட்டியை மேற்றட்டில் விட்டுத் தூங்காது, காலடியில் வைத்துக்கொள்வார்களாக.

இவை பொருளைக் காக்கும் விதிகள். உயிரைக் காக்கும் விதியும் ஒன்றுண்டு. காற்றுக்கலம் பூண்டு பல நாட்கள் சுழியோடியவர், இறுதியாக நீரிலிருந்து ஏறியபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறலாகாது. உடலிற் கரைந்த நைதரசன் வாயு, அமுக்கம் குறையும்போது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். திருக்கோணமலையிற் காலையிற் சுழியோடிவிட்டு, மாலையிலேயே 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவுக்குப் புறப்படும் விருந்தினர்க்கும் இவ்வபாயம் உண்டு. விருந்தோம்பும் வீட்டார் இதனை முன்னரே எடுத்துச் சொல்வது கடமையாகும்.

கடைசியாக, படம்பிடிக்கப்படும் இடத்துக்கு நாம் பட்ட கடன். புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1998 இல் கடல்நீர் சூடேறி, நம் தீவின் தென்மேற்குக் கரைப் பார்கள் வெளிறி மடிந்தபோதும், திருக்கோணமலைப் பார்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன. கடலின் சூட்டுக்குத் தப்பியவை கால்மிதிக்கு இரையாகலாமா? பந்துபோலத் திரண்ட முருகைக்கல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே வளரும். ஒரு படத்துக்காக ஒரு கணம் அதன்மேல் நிற்பவர், தம் பாட்டனார் காலத்து வளர்ச்சியை உடைத்துவிடுகிறார். சுவாமிமலையடிக் கற்களுக்கும் இது பொருந்தும். அவற்றைக் காண்பது பேறு, பெயர்த்தெடுப்பது பாதகம்.

ஆகவே, பெற்றோர்க்கு நம் யோசனை இதுவே: பிள்ளை கமெரா கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டா, உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டா. இந்தப் பருவத்தில் நீந்தவும் மிதக்கவும் பயிலட்டும். எதையும் தொடாமல் ஒரு மீனை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வந்து, அதன் நிறத்தையும் நடையையும் வீட்டாருக்குச் சொல்லட்டும். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த சித்திரையிற் சிறியதொரு கமெரா வாங்கிக் கொடுக்கலாம். அப்பணம் கடலிற் கொட்டியதாகாது.