நாலு தேசம் பார்க்க பாஸ்போர்ட் எதற்கு?

பாரீசில் இருக்கும் என் நாத்தனார் தீபாவளி முடிந்த கையோடு போன் செய்தாள். "அண்ணி, டிசம்பர் லீவுக்கு இங்க வாங்க. ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பிரஸ்ஸல்ஸ். ஆம்ஸ்டர்டாமும் அதே விசாவுலயே பார்த்துடலாம்" என்றாள். பிள்ளைகள் குதித்தார்கள். நான் கணக்கு நோட்டை எடுத்தேன். நாலு பேருக்கு விமான டிக்கெட், விசா, கம்பளி உடுப்பு... சீட்டுப் பணம் மொத்தமும் போதாது. அதைவிட, முழங்கால் வலியோடு இருக்கும் மாமியாரை யாரிடம் விடுவது? "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா, போயிட்டு வாங்க" என்று அவர் சொன்ன குரலிலேயே எனக்குப் பாதி ஆசை போய்விட்டது.

அன்று ராத்திரி யோசித்தேன். ஐரோப்பாக்காரர்கள் கட்டிய ஊர்கள்தானே வேண்டும்? நம் கடற்கரையிலேயே வரிசையாக இருக்கிறதே! தவளக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945-ல் வீலர் தோண்டியபோது ரோமாபுரி மது ஜாடித் துண்டுகள் கிடைத்த இடம். என் பிள்ளைகள் இதுவரை பார்த்ததில்லை. நானும்தான்.

தெற்கே போனால் அரை மணியில் கடலூர் தேவனாம்பட்டினம். செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்று பேச்சாம். குண்டு உப்பலவாடி என்ற பேர் இன்றைக்கும் இருக்கிறது. குண்டு போட்டு நிலம் அளந்திருக்கிறார்கள், பாருங்கள்! 1758-ல் பிரெஞ்சுக்காரர் அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இரண்டு வெள்ளைக்காரர் சண்டையில் நடுவே கிடந்து தவித்தது நம் ஊர்க்காரர்கள்.

"இடிஞ்ச சுவரைப் பார்க்க எதுக்கு டீசல் செலவு?" என்றார் என் வீட்டுக்காரர். அவர்கள் கப்பலேறி வந்ததே நம் நெசவாளர் நெய்த துணிக்காகத்தான். நீலச் சாயம் தோய்த்த நம் துணி ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கிறது. அந்தச் சுவரில் நம் பங்கும் இருக்கிறது என்றேன். பதில் இல்லை.

தரங்கம்பாடியில் மட்டும் அரை நாளாவது இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, 1792-ம் வருஷத்து நகர வாசல், கடல் பாதி விழுங்கிய மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் அங்கே நடை தூரத்திலேயே. 1706-ல் வந்த சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இங்கேதான். பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் வைத்தார். 1845-ல் டேனிஷ்காரர் இந்த ஊரை வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். ஊரையே விற்றிருக்கிறார்கள்!

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நம்ம காரைக்கால். 1739-லிருந்து பிரெஞ்சு ஊர். மாமியாருக்கு காரைக்கால் அம்மையார் கோயில் போதும். பிறகு நாகூர் தர்கா. அதன் உயரமான மினாரைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிங். அடுத்தது நாகப்பட்டினம். போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658-ல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1781-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

தேதி விஷயத்தில்தான் சண்டை வந்தது. "கிறிஸ்துமஸ் லீவுல கிளம்பி 26-ந் தேதி வேளாங்கண்ணியில இருக்கலாம்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2004-ல் அதே தேதியில் அந்தக் கரையில் போனவர்கள் எத்தனை பேர்! சுனாமி சொல்லிக்கொண்டு வராது, அது என் மனசு. ஆனால் மழையும் புயலும் அப்படி இல்லையே? 2011-ல் தானே புயல் நம் பக்கம் கரை கடந்தது டிசம்பர் 30-ந் தேதி. பொங்கல் கழித்து, வானம் வெளுத்த பிறகு கிளம்புவது என்று முடிவாயிற்று.

தோழிகளே, ஒன்று சொல்ல வேண்டும். எங்கே போவது, எந்த வண்டி என்று பிளான் போடுவது ஆண்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறுவது நாம். முன்பு ஒருமுறை ஒரு கோட்டை பார்க்கப் போய், மூன்று மணி நேரமும் பெண்களுக்கு ஒதுங்க இடம் தேடியதுதான் நான் கண்ட சரித்திரம்! இந்த முறை நோட்டில் நானே எழுதியிருக்கிறேன்: இரண்டு மணிக்கு ஒரு தரம் நல்ல ஓட்டலில் வண்டி நிற்கும், காலை டிபன் அங்கேயே, வெயில் ஏறும் முன் கோட்டை, மதியம் மாமியார் படுக்க காரைக்காலில் ரூம். இரண்டு ராத்திரி, மூன்று பகல், ஐந்து பேர். பாரீஸ் டிக்கெட் ஒன்றின் விலைகூட ஆகாது.

மாமியார் இப்போதே பெட்டியில் புடவை எடுத்து வைத்துவிட்டார். பொங்கலுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது! தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பக்கத்து வாசகிகள் யாராவது, வயசானவர்கள் படியேறாமல் எதையெல்லாம் பார்க்கலாம் என்று இந்தப் பகுதிக்கு எழுதினால் புண்ணியமாகப் போகும்.

- ஒரு வாசகி, தவளக்குப்பம்.